ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர்

“ஒரே ஒரு ஆள் தனியா நின்னா, அதுக்குப் பேர் கூட்டமாங்க?”

குடிநீர் வாரிய அலுவலகத்தின் இரும்புக் கேட்டுக்கு வெளியே, கையில் அட்டைப் பலகையோடு நின்ற ஒரு பெண், விசாரிக்க வந்த போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் இப்படிக் கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எதிரே பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கும் பதில் தெரியவில்லை. பக்கத்துக் கடையில் பள்ளிச் சான்றிதழுக்கு நகல் எடுக்க வந்து அங்கே நின்ற எனக்கும் தெரியவில்லை. கேள்வி சிரிப்பை வரவழைத்தது. அவள் கதை தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அவளை எல்லோரும் மோட்டார் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அலுவலக வளாகத்தின் பின்பக்கம் இருக்கும் பம்ப் ஹவுஸில் இருபத்தோரு வருடமாக ஆபரேட்டர் வேலை. நான்கு பெரிய மோட்டார்கள், ஒரு சுவர் முழுக்க மீட்டர்கள், ஒரு மேஜை, அதன் மேல் நீல அட்டை போட்ட ரிஜிஸ்டர். மணிக்கு ஒருமுறை பிரஷர் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். ஷிஃப்ட் முடியும்போது கடைசி வரியில் இரண்டு கையெழுத்து: ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர். இரண்டுக்கும் எதிரே ஒரே நேரத்தைத்தான் எழுத வேண்டும். இவர் இரண்டு மணி என்றும் அவர் இரண்டு மணி மூன்று நிமிடம் என்றும் எழுதினால், அந்த மூன்று நிமிடம் மோட்டாருக்கு ஆளே இல்லை என்றாகிவிடும். ஆள் இல்லாத மோட்டார் அந்தத் தொழிலில் பெரிய குற்றம்.

அவளுடைய அப்பா இறந்த செய்தி வேலை நேரத்தில்தான் வந்தது. மாற்று ஆள் வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் மீட்டரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். வந்தவரிடம் ரிஜிஸ்டரை நகர்த்தி, ‘நிலைமை: எல்லாம் சாதாரணம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே ஓடிச் சுவரில் சாய்ந்து அழுதாள்.

அவள் கணவரும் அதே பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர்தான். காலை ஷிஃப்ட் அவளுக்கு, மதிய ஷிஃப்ட் அவருக்கு. அவர்கள் பழகியதே ஷிஃப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. “எங்க வீட்டுல சண்டை போடவே நேரமில்லை. அதான் பதினெட்டு வருஷமா ஒத்துமையா இருக்கோம்” என்பாள். அவர் அவளை ‘ஆபரேட்டரம்மா’ என்பார், அவள் அவரை ‘ஆபரேட்டர் சார்’ என்பாள். தினமும் இரண்டு மணிக்குக் கதவருகே நின்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, “ஆபரேட்டரம்மா, என்ன நிலைமை?” என்று கேட்பார். “எல்லாம் சாதாரணம், ஆபரேட்டர் சார்.” சாப்பாட்டுப் பாத்திரம் எங்கே, வீட்டுச் சாவி யாரிடம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த மாதம் பதினேழாம் தேதியும் அப்படித்தான் நடந்தது. இரண்டு மணிக்கு அவள் ஒப்படைத்தாள், அவர் பெற்றுக்கொண்டார். அவள் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது சைரன் ஊதியது. திரும்பி ஓடினாள். தண்ணீரைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் குளோரின் சிலிண்டரில் வால்வு விட்டுப்போய், வாயு வெளியே வந்துகொண்டிருந்தது. பின்சுவருக்கு அந்தப்பக்கம் நூறு வீடுகள். அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடிவிட்டார். முகமூடியின் வடிகட்டி காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கூட வேலை பார்க்கும் ஃபிட்டர்தான் அவர் கால்களைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

உயிர் பிழைத்தது. நுரையீரல் வெந்துபோனது.

“இந்த நிலையில இவருக்கு ஏத்த மெஷின் தொழிலாளர் ஆஸ்பத்திரியில மட்டும்தான் இருக்கு. மூணு மாசத்துக்குள்ள சேர்க்கணும். அதுக்கு மேல நுரையீரல் இறுகிடும்மா, அப்புறம் சேர்த்தும் பிரயோஜனம் இல்லை” என்றார் டாக்டர். தொழிலாளர் ஆஸ்பத்திரியில் சேர, வேலை செய்யும்போது அடிபட்டவர் என்று வாரியம் ஒரு சான்று தர வேண்டும். அந்த ஒரு காகிதத்துக்காக அவள் பெரிய இன்ஜினியரின் அறைக்குப் போனாள்.

பெரிய இன்ஜினியர் அவளை உட்காரச் சொல்லவில்லை. “அன்னிக்கு மதியம் டியூட்டியில இருந்தவர் வேற ஒருத்தரும்மா. உங்க வீட்டுக்காரர் சும்மா பேசப் போயிருக்கார். அனுமதி இல்லாம ரூமுக்குள்ள போனா நாங்க என்ன பண்றது?”

“சார், அவருக்கு டியூட்டியை ஒப்படைச்சதே நான்தான் சார். ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்க. என் கையெழுத்து இருக்கும், அவர் கையெழுத்து இருக்கும்.”

“அந்த மாச ரிஜிஸ்டர் தண்ணி புகுந்து வீணாப் போச்சு.”

அந்த முகமூடியைப் பரிசோதித்ததாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டு வந்தவர் இவர்தான். அவர் சொன்ன அந்த ‘வேற ஒருத்தர்’ விபத்துக்கு ஒரு வாரம் முன்பே வேலையை விட்டுப் போனவர். வெளியே வந்து அவள் சொன்னதைக் கேட்டு ஃபிட்டர் வாய்விட்டுச் சிரித்தார். “தண்ணி வாரியத்துல தண்ணி புகுந்துடுச்சாம் அக்கா. அதுவும் அலமாரி பூராவும் விட்டுட்டு, அந்த ஒரு நோட்டுக்குள்ள மட்டும் கரெக்டா புகுந்திருக்கு!” சிரித்து முடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழு மனு கொடுத்தாள். பதில் இல்லை. பம்ப் ஹவுஸ் ஆட்கள் நான்கு பேர் சேர்ந்து கேட்டின் முன்னால் நிற்க அனுமதி கேட்டார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மறுத்துவிட்டார்கள். அவள் மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு தனியாகவே நிற்கத் தொடங்கினாள். பலகையில் நான்கே சொற்கள்: ‘பதினேழாம் தேதி ரிஜிஸ்டரைக் காட்டுங்கள்.’

அவள் நின்ற முதல் நாளே இன்ஸ்பெக்டர் வந்தார். “அனுமதி இல்லாம கூட்டம் போடறது தப்பு, தெரியுமில்ல?” என்று அவர் ஆரம்பிக்க, அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பதில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் கிடைத்தது. இலவசமாக வழக்கு நடத்தும் ஒரு வக்கீலம்மா அங்கே இருந்தாள். அக்காவைவிடப் பத்து வயது சின்னவள். மேஜை முழுக்கக் கட்டுக்கட்டாகக் காகிதம்.

“பாருங்கக்கா, கூட்டம்னா ஒருத்தருக்கு மேல வேணும். நாடுகள் எல்லாம் கையெழுத்துப் போட்ட மனித உரிமை ஒப்பந்தத்தையும் அப்படித்தான் படிக்கிறாங்க. நீங்க தனியா நின்னா அது கூட்டம் கூடற உரிமையில வராது, கருத்துச் சொல்ற உரிமையில வரும். வாயால சொன்னாலும் அட்டையில எழுதிக் காட்டினாலும் கருத்துதான். அதுக்கு நம்ம ஊர்ச் சட்டத்துல அனுமதி வேண்டாம். பக்கத்துல ரெண்டாவது ஆள் வந்து நின்னாதான் வம்பு. பத்து நாள் முன்னாடியே அனுமதி வாங்கியிருக்கணும்.”

“தனியா நிக்கறதால எனக்குப் பாதுகாப்பு கம்மியாம்மா?”

“கம்மியா இருக்கக் கூடாது. கூட்டமா நிக்கறவங்களுக்கு இருக்கிற மாதிரியே தனியா நிக்கறவங்களுக்கும் இருக்கணும்னுதான் எழுதியிருக்கு.”

“எழுத்துல இருக்குல்ல? அப்போ சரி” என்று எழுந்துகொண்டாள் அக்கா. இருபத்தோரு வருடம் ரிஜிஸ்டர் எழுதியவளுக்கு எழுத்தில் இருப்பது நடந்தே தீரும் என்ற நம்பிக்கை.

மறுநாளிலிருந்து கேட்டின் முன்னால் ஒரு வேடிக்கை நடந்தது. வாரியத்தின் கடைநிலை ஊழியர் ஒருவர் வெளியே வந்து சும்மா அவள் பக்கத்தில் நிற்பார். மாடி ஜன்னலில் ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பார். அக்கா பலகையோடு நாலடி தள்ளிப் போவாள். ஊழியரும் நாலடி வருவார். வழி கேட்கும் வெளியூர்க்காரர் நெருங்கினாலும் அவள் பின்னால் நகர்ந்து கையெடுத்துக் கும்பிடுவாள். “அண்ணே, அங்கேயே நில்லுங்கண்ணே. நீங்க கிட்ட வந்தா நான் கூட்டமாயிடுவேன்!”

பேருந்து நிறுத்தமே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். வீட்டுக்குப் போய் அதை நடித்துக் காட்டியபோது அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, கால் மணி நேரம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வேடிக்கையான எதையும் வீட்டில் சொல்வதில்லை.

வேடிக்கையைவிடப் பெரிய சிக்கல் பன்னிரண்டு மணிக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு மருந்துப் புகை வைக்க வேண்டும், கரைத்த கஞ்சி கொடுக்க வேண்டும், முதுகைத் தட்டிச் சளியை வெளியே எடுக்க வேண்டும். மற்ற நேரத்தில் பார்த்துக்கொள்ளும் நாத்தனாருக்கு அந்த மருந்து மெஷினைத் தொடவே பயம். அக்கா வீட்டுக்குப் போய் வரும் இரண்டு மணி நேரம் பார்த்துத்தான் அலுவலகத்தில் இருந்து ஒருவர் வெளியே வந்து, மனுவைத் தள்ளிவிட வசதியாக, ‘மனுதாரர் இடத்தில் இல்லை’ என்று குறித்துக்கொண்டு உள்ளே போனார். மூன்று நாள் அப்படியே நடந்தது.

“ஆள் இல்லாம மோட்டாரை விடலாமா அக்கா?” என்றார் ஃபிட்டர். “நாங்க மாத்தி மாத்தி நிக்கறோம். ஒருத்தர் போன பிறகு ஒருத்தர். எப்பவும் ஒரே ஆள்தான்.”

வக்கீலம்மாவிடம் கேட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் இருக்கவே கூடாது, கையில் கூடப் பலகையை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று அவள் எச்சரித்தாள். அப்படியே செய்தார்கள். அக்கா பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து எதிரே போய்விடுவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஃபிட்டரோ வேறொரு ஆபரேட்டரோ அந்தப்பக்கம் நடப்பார். நடுவில் மூன்று நான்கு நிமிடம் பலகை மட்டும் தனியாக நிற்கும்.

வக்கீலம்மாவிடம் ஒன்றை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் விட்டதல்ல. சாப்பிட்டுக் கைகழுவியதை யாராவது சொல்வார்களா? அப்படி ஒரு பழக்கம் அது. பலகைக்கு அடியில் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். முதல் நாளே ஃபிட்டர் அதில் கோடு போட்டுவிட்டார். தேதி, நேரம், நிலைமை, ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர். ‘பலகை ஒன்று, குடை ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளப்பட்டது.’ பிரஷர் என்றும் ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒருநாள் ஃபிட்டர், ‘பெரிய இன்ஜினியருக்கு ஏறியிருக்கிறது’ என்று எழுதிவைத்தார்.

நேரக் கட்டத்தில், கை போன போக்கில், இரண்டு பேருமே ஒரே நேரத்தை எழுதினார்கள். அவள் 12.10 என்று எழுதிவிட்டுப் போவாள். நாலு நிமிடம் கழித்து வந்தவரும் 12.10 என்றே எழுதுவார். பத்தொன்பது நாள், ஒரு நாள் தவறாமல்.

இருபதாம் நாள் காலை அவளைப் பிடித்தார்கள். மற்ற மூன்று பேரையும் பம்ப் ஹவுஸிலிருந்து அழைத்துப் போனார்கள். அக்காவின் பையில் நோட்டு இருந்தது.

நீதிமன்ற அறை சின்னது, மின்விசிறி பெரியது. அரசு வக்கீல் பேச்சில் கெட்டிக்காரர். “தனித்தனியா நின்னாங்கன்னு சொல்றாங்க. பலகை ஒண்ணு, வாசகம் ஒண்ணு, இடம் ஒண்ணு, திட்டம் ஒண்ணு. இது நாலு தனி ஆள் இல்லை ஐயா, நாலு பேர் கூட்டத்தைத் துண்டு துண்டா வெட்டி வெச்சிருக்காங்க” என்றார். நீதிபதி அதற்கு அசையவில்லை. வக்கீலம்மா எழுந்து, துண்டுகளைச் சேர்த்துக் கூட்டம் ஆக்க முடியாது, ஒரு கணத்தில் ஒருவர் மட்டுமே நின்றால் அவர் கருத்துரிமையில்தான் நிற்கிறார் என்று வாதாடினாள். நீதிபதி தலையாட்டக்கூடச் செய்தார்.

அப்போது அரசு வக்கீல் நோட்டைத் திறந்தார். பிரஷர் கட்டத்தைச் சத்தமாகப் படித்தார். அறை சிரித்தது, பெரிய இன்ஜினியர் தவிர. பிறகு நேரத்தைப் படித்தார். “பன்னிரண்டு பத்துக்கு ஒப்படைத்தார். பன்னிரண்டு பத்துக்குப் பெற்றுக்கொண்டார். பத்தொன்பது நாளும் இப்படியே. அந்த நேரத்துல ரெண்டு பேரும் பலகைகிட்டே இருந்திருக்காங்க. அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

வக்கீலம்மா முகம் வெளுத்துப்போய் அக்காவிடம் குனிந்தாள். “நிஜமா ரெண்டு பேரும் சேர்ந்தா நின்னீங்க?”

“இல்லம்மா. நாலு நிமிஷம் இடைவெளி இருக்கும்.”

“அப்போ அதைச் சொல்லிடுங்க. பழக்கத்துல நேரத்தை அப்படியே எழுதிட்டோம், அது சரியான நேரம் இல்லைன்னு. கேஸ் நிக்காது. இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்.”

அக்கா எழுந்தாள். சொல்ல வாயெடுத்தவளின் கண், பெரிய இன்ஜினியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாரியத்தின் வக்கீல் மேல் விழுந்தது. அவர் பேனாவைத் திறந்து, தாளைச் சரிசெய்து, அவள் சொல்லப்போவதை எழுதக் காத்திருந்தார். அவருக்கு இந்த வழக்கில் வேலையே இல்லை. எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்கு அந்த நொடியில் விளங்கியது. இந்த ஆபரேட்டர்கள் ரிஜிஸ்டரில் உண்மை நேரத்தை எழுதுவதில்லை, வந்தாலும் வராவிட்டாலும் பழக்கத்தில் ஒரே நேரத்தைப் போட்டுவிடுவார்கள் என்று அவள் வாயாலேயே வந்துவிட்டால் போதும். நாளைக்குப் பதினேழாம் தேதிப் பக்கம் எங்கிருந்தாவது கிடைத்தாலும், அந்த இரண்டு மணிக்கு மதிப்பில்லை.

அவள் ஃபிட்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கும் புரிந்துவிட்டிருந்தது.

“எழுதினது எழுதினதுதான் அக்கா” என்றார் மெதுவாக. மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“அது உங்க கையெழுத்தா?” என்றார் நீதிபதி.

“என் கையெழுத்துதாங்க.”

“அதுல இருக்கற நேரம்?”

“அந்த நோட்டுல இருக்கறதுக்கு நான் பொறுப்புங்க. அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லை.” உட்காரப் போனவள் நின்றாள். “ஐயா, இந்த நோட்டை என் பையில இருந்து ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சாங்க. அந்த ரிஜிஸ்டரையும் இதே மாதிரி தேடச் சொல்லுங்கய்யா.”

“அது இந்த வழக்குல இல்லைம்மா” என்றார் நீதிபதி. கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அனுமதியின்றிக் கூட்டம் நடத்திய குற்றம் உறுதியானது. நான்கு பேரும் தொண்ணூறு நாட்களுக்கு அலுவலகத்தைச் சுற்றி முந்நூறு மீட்டருக்குள் வரக் கூடாது. வந்தால் சிறை. பம்ப் ஹவுஸும் அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது, அதனால் வேலைக்கும் போக முடியாது. டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் அன்றைக்கு மீதி இருந்தது நாற்பத்தாறு நாள்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். “மேல் கோர்ட்டுல அஞ்சு மாசம் கழிச்சுத்தான் எடுப்பாங்கக்கா. அவசரம்னு கேட்டாலும் முடியாதுன்னுடுவாங்க. அங்கேயும் தோத்தா, அந்த ஒப்பந்தத்துக்குன்னு ஒரு குழு இருக்கு, அங்க எழுதலாம். உள்ளூர்ல எல்லாப் படியும் ஏறி முடிச்ச பிறகுதான் அவங்க பார்ப்பாங்க. வருஷக்கணக்குல ஆகும்.”

“ஜெயிப்போமா?”

“அங்க ஜெயிக்கலாம்.”

“யாருக்காகம்மா?” என்றாள் அக்கா.

நான்கு பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவைத்த கடிதம் மறுநாள் வீட்டுக்கு வந்தது. அவள் கணவருக்கு இப்போது ஒரு மூச்சில் மூன்று சொற்கள்தான் வரும். ஜன்னலோரக் கட்டிலில் மூன்று தலையணை வைத்து, உட்கார்ந்த வாக்கிலேயே படுத்திருந்தார். மதியம் இரண்டு மணிக்கு அவள் மருந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கையைப் பாதி தூக்கினார். சல்யூட் நெற்றி வரை எட்டவில்லை.

“ஆபரேட்டரம்மா… என்ன நிலைமை?”

அவள் வாயைத் திறந்தாள். இருபத்தோரு வருடமாகச் சொன்ன சொல் வரவில்லை. அப்பா செத்த அன்றுகூட வந்த சொல்.

“சாதாரணம் இல்லைங்க” என்றாள். “எதுவுமே சாதாரணம் இல்லை.”

அவர் கையைக் கீழே இறக்கினார். பிறகு, “எழுது” என்றார். மூச்சு வாங்கி, “அதையே எழுது” என்றார்.

வீட்டில் ஒரு புது நோட்டு இருந்தது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கோடு போட்டாள். பதினேழாம் தேதி நடந்ததை முதல் வரியிலிருந்து எழுதினாள். கேட்டின் முன் நின்றது, அந்த நாலு நிமிட இடைவெளி, நீதிமன்றத்தில் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் எழுதினாள். நாலு நிமிடத்தைச் சொன்னால் வாரியத்து வக்கீல் எழுதிக்கொள்வாரே என்று நாத்தனார் தடுத்தபோது, “எழுதட்டும். முழுசா எழுதட்டும்” என்றாள். அந்த இரண்டு மணியின் மதிப்பைக் காப்பாற்றிக் கோர்ட்டில் ஜெயிக்கும்வரை காத்திருக்க அவருக்கு நாள் இல்லை. கடைசியில் ‘ஒப்படைத்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பெற்றுக்கொண்டவர் என்ற இடம் காலியாக இருந்தது.

இந்தக் கதை, அவள் எனக்குப் படிக்கக் கொடுத்த அந்த நோட்டில் இருந்து எழுதியதுதான். இதை எழுதும் இன்றைக்கு மீதி முப்பத்தொரு நாள். அவளும் அவள் ஆட்களும் கேட்டின் பக்கம் போக முடியாது. ஆனால் நீல அட்டை போட்ட அந்த ரிஜிஸ்டரை யாரோ ஒருவர் பார்த்திருப்பார்: அதை அலமாரியிலிருந்து எடுத்த ஒருவர், தூக்கிக்கொண்டு போன ஒருவர், எங்கோ வைத்துப் பூட்டிய ஒருவர். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.

அதனால் படித்தவர்கள் தயவுசெய்து இதை இன்னொருவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொருவராக, தனித்தனியாகச் சொல்லுங்கள். சொன்னவரும் கேட்டவரும் நேரத்தை எழுதி வைத்தால் சரியான நேரத்தை எழுதுங்கள்.